றங்குப் பெட்டிக்குள் கிடந்த துப்பறியும் சஞ்சிகை மட்டைகள்: வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உவர்மலைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மப்பாவின் வீடு திருகோணமலை உவர்மலையில். கூரை மாற்றுவதற்காகப் போன மாதம் சாமான்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கட்டிலுக்கு அடியில் ஒரு றங்குப் பெட்டி. உள்ளே பித்தளைச் சாமான் இருக்கும் என்று மாமிக்குப் பெரிய நம்பிக்கை. திறந்தால் பூச்சி உருண்டை மணமும் பழைய இங்கிலிஸ் சஞ்சிகைகளும்தான். மாமியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும்.

அம்மப்பா டொக்யாட்டில் ஸ்டோர் கிளாக்கர். 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் வேலை. கப்பல்காரர் வாசித்துவிட்டு எறிகிறதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார் என்று அம்மா சொல்லுவா. இப்படி ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தது அவவுக்கும் தெரியாது.

மொத்தம் 11 சஞ்சிகைகள், அது போக 7 மட்டைகள் தனியாகக் கழன்று கிடக்கின்றன. எல்லாம் கொலை, கொள்ளை, துப்பறிகிற கதைகள். தாள் மண்ணிறமாகிவிட்டது, தொட்டாலே ஓரம் பொரிவிளாங்காய் மாதிரி உதிர்கிறது. ஆனால் மட்டைப் படங்கள்! ஒன்றில் பின்னணி முழுக்க மஞ்சள், கதிரையில் கட்டி வைத்த ஒரு பெண், கதவிடுக்கால் துவக்குப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிகிறது. எனக்கு ஓவியம் தெரியாது. ஆனாலும் அந்தக் கையில் பெருவிரல் நகம் கறுத்திருப்பதைக்கூட வரைந்திருக்கிறார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

என் பிரச்சினை வருடம். பல மட்டைகளில் மாதம் மட்டும்தான் இருக்கிறது. ஒன்றில் உள்ளே பொடி எழுத்தில் 1879 மார்ச் 3 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அது 1879ஆம் ஆண்டுச் சஞ்சிகை, லட்சக்கணக்கில் விலை போகும் என்று மாமா நிற்கிறார். ஆனால் அதிலே மோட்டார்க் கார் ஓடுகிறது! இன்னொன்றில் 10 சதம் என்று விலை இருப்பதால் இலங்கையில்தான் அச்சடித்திருப்பார்கள் என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. வேறொன்றில் 9 போட்டுப் பக்கத்தில் சின்ன "டி" எழுத்து, அது ஒன்பதாம் இதழா? ஒரு மட்டையில் யாரோ நாட்காட்டித் தாளைப் பசை போட்டு ஒட்டி முழுப் படத்தையும் மூடியிருக்கிறார்கள். அந்தத் தாளில் 1953 ஆகஸ்ட் என்று இருக்கிறது.

வடிவான ஐந்து மட்டைகளை வெள்ளிக்கிழமை லாமினேட் பண்ணக் கொடுத்துவிட்டு, பிறகு சட்டம் போட்டு விறாந்தையில் கொழுவுகிற யோசனை. அதற்கு முன் கீழே வருடம் எழுதி வைக்க விருப்பம். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


பின்மட்டை எழுதியது:

லாமினேட் பண்ணாதேயுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு முதல் இதைக் காண்பீர்கள் என்று நம்புகிறேன்.


மட்டைப்பைத்தியம் எழுதியது:

மேலே சொன்னதற்கு நானும் கை தூக்குகிறேன். சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது, உரித்தால் மை அதோடு வந்துவிடும். 

நானும் திருமலைதான் தங்கச்சி, இப்ப டொரண்டோவில். இருபது வருடமாக இந்த மட்டைகளோடுதான் சீவியம். வீட்டில் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்பது என் புனைபெயரைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் மாமாவின் 1879. மாமாவை நக்கலடிக்க வேண்டாம், இந்தக் குழிக்குள் விழாத ஆள் இல்லை, நானும் விழுந்தேன். அது அமெரிக்கத் தபால் சட்டத்தின் தேதி. சஞ்சிகைகளைக் குறைந்த கட்டணத்தில் தபாலில் அனுப்ப 1879 மார்ச் 3ஆம் தேதிச் சட்டம் இடம் கொடுத்தது. அதன்படி பதிவு செய்தோம் என்று ஒவ்வொரு சஞ்சிகையும் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டது. பல தசாப்தங்களுக்கு அதே வரிதான். அதோடு சில வேளை இன்னொரு தேதியும் நிற்கும், அது அந்தச் சஞ்சிகையைத் தபால் கந்தோரில் பதிந்த நாள். இதழ் வெளிவந்த நாள் இல்லை. 1917 என்று பதிந்த சஞ்சிகை 1940இலும் 1917 என்றே போடும். அந்தப் பந்தியிலேயே காப்புரிமை வருடம் வேறாக இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

துப்பறியும் கதைக்கு மட்டும் என்று வந்த முதல் பல்ப் சஞ்சிகையே 1915 அக்டோபரில்தான் தொடங்கியது, ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் கம்பெனியின் டிடெக்டிவ் ஸ்டோரி மகசின். (பல்ப் என்றவுடன் மின்குமிழ் என்று நினைக்கிற ஆட்களுக்கு: இது மரக்கூழ். மலிவான கூழ்த் தாளில் அச்சடித்ததால் வந்த பேர். அந்தத் தாளில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள்தான் மண்ணிறமாக்கி உதிர வைக்கிறது. மட்டை மட்டும் பளபளப்புத் தாள், அதனால்தான் உடம்பு செத்த பிறகும் முகம் உயிரோடு இருக்கிறது.) பிளாக் மாஸ்க் 1920 ஏப்ரல், த ஷேடோ 1931 ஏப்ரல், டைம் டிடெக்டிவ் 1931 நவம்பர் (இந்த டைம் நேரம் இல்லை, அமெரிக்கப் பத்துச் சதக் காசு). ஆகவே பேரைப் பார்த்தவுடனேயே இதற்கு முந்தி இருக்க முடியாது என்ற ஒரு எல்லை கிடைக்கும். பேர் மாறியிருந்தால் இன்னும் நல்லது. ஸ்பைசி டிடெக்டிவ் 1934இல் தொடங்கி 1942 முடிவு வரை அந்தப் பேரில் வந்தது, 1943 ஜனவரியிலிருந்து ஸ்பீட் டிடெக்டிவ். ஸ்பைசி என்று கண்டால் ஒன்பது வருடத்துக்குள் வந்துவிட்டோம், அரைவாசி வேலை முடிந்தது.

10 சதம் என்பது அமெரிக்கச் சதம். நம்மூரிலும் ரூபா சதம் இருந்ததால் வருகிற குழப்பம். முப்பதுகளில் 10, 15 என்று இருந்த விலை போருக்குப் பிறகு 25க்குப் போனது. ஆனால் விலையை மட்டும் வைத்து வருடம் சொல்கிறவனை நம்பாதேயுங்கோ. ஸ்பைசி முப்பதுகளிலேயே 25 சதம்தான் வாங்கினது, ஏன் என்று மட்டையைப் பார்த்தால் விளங்கும்.

ஒன்பதும் "டி"யும் என்பது ஒன்பது பென்ஸ். பிரித்தானியப் பழைய நாணயத்தில் பென்னிக்கு அந்த எழுத்துத்தான், 1971 பெப்ரவரி வரை. எனவே அது பிரித்தானிய மறுபதிப்பு. போர் தொடங்கி அமெரிக்கச் சஞ்சிகைகளை இறக்குமதி செய்வது தடைப்பட்டதும் லண்டனில் அட்லஸ் போன்ற கம்பெனிகள் உரிமை வாங்கி, பக்கத்தைக் குறைத்து, ஒல்லியாக அடித்து விற்றன. பலவற்றில் தேதியே இருக்காது. மட்டைப் படம் ஒரு அமெரிக்க இதழிலிருந்தும் கதைகள் வேறொரு இதழிலிருந்தும் வந்திருக்கலாம். படத்தின் வயது வேறு, கையில் இருக்கிற தாளின் வயது வேறு. கனடாவிலும் 1940 டிசம்பரில் தடை போட்டார்கள், இங்கே அடித்த பதிப்புகளின் மட்டைகள் தனிக்கதை, அதைத் தொடங்கினால் விடியும்.

மட்டையில் தேட வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கின்றன. மூலையில் நீலக் கழுகு ஒன்று, ஒரு காலில் பற்சக்கரம், மறு காலில் மின்னல் இருந்தால் அது ரூஸ்வெல்ட் காலத்துத் தேசிய மீட்சி நிர்வாகத்தின் சின்னம். 1933 நடுவில் வந்தது, 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வெட்டியதோடு போய்விட்டது. போர்ப் பத்திரம் வாங்குங்கள் என்ற வாசகம் இருந்தால் 1942 முதல் 1945க்குள். உள்ளே பதிப்பாளர் விலாசத்தில் நியூயார்க் என்பதற்குப் பிறகு ஒரு எண் இருக்கிறதா பாருங்கோ, நியூயார்க் 17 என்கிற மாதிரி. பெரிய நகரங்களுக்குத் தபால் வலய எண் வந்தது 1943 மே மாதம். எண் இருந்தால் அதற்குப் பிறகு. எண் இல்லாவிட்டால் முந்தி என்று அடித்துச் சொல்ல ஏலாது, சிலர் போட மறந்திருப்பார்கள்.

நாட்காட்டித் தாள் உங்கள் அம்மம்மாவின் தேதி, சஞ்சிகையின் தேதி இல்லை. என்ன படம் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

படங்களைப் போடுங்கோ. பின்மட்டை விளம்பரத்தையும் சேர்த்து.


பழம்புத்தகம் எழுதியது:

நான் சென்னை. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முந்தைய வருடங்களில் அங்கே நடைபாதையில் இதே சரக்கு குவியலாகக் கிடக்கும், எடைக்குப் போடுவார்கள். அப்போது நான் வாங்கியதெல்லாம் தமிழ் மர்ம நாவல்கள், இங்கிலீஷ் பல்ப்பைத் தொடவே இல்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் பக்கத்து மட்டைகளுக்கும் இதே விளையாட்டு உண்டு என்பதற்காக ஒரு வார்த்தை. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசா என்று இருந்தால் அதிலிருந்து 1964க்குள், வெறும் பைசா என்றால் அதற்கும் பின். மாற்றம் வந்த சமயத்தில் அணாவையும் நயா பைசாவையும் சேர்த்தே போட்ட இதழ்களும் உண்டு, அவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் பாதுகாப்பு. அம்மா, கடற்கரை ஊர் என்கிறீர்கள். உப்புக் காற்றும் ஈரமும் முதலில் பிடிப்பது தைத்திருக்கும் கம்பியை. துரு தாளில் இறங்கி அந்த இடத்தில் ஓட்டை விழும். மட்டைகள் கழன்றதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கம்பியை இழுத்துப் பிடுங்க வேண்டாம். செல்லோடேப் போடவே வேண்டாம், அது பத்து வருடத்தில் பழுப்புக் கறையாகி எண்ணெய் கசியும், நான் பதினைந்து வயதில் ஒட்டியதற்கு அறுபதில் அழுதுகொண்டிருக்கிறேன். பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்துப் போடுங்கள். மெல்லிய பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். விறாந்தையில் மாட்டினால் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும், கடைசியில் நீலப் பேய் மாதிரி ஒரு படம் மிஞ்சும். நல்ல ஸ்கேன் எடுத்து அதை அச்சடித்து மாட்டுங்கள், அசல் உள்ளே இருட்டில் இருக்கட்டும்.

ஒட்டிய நாட்காட்டித் தாள் வீட்டு மாவுப் பசையில் ஒட்டியதாக இருந்தால் தண்ணீரில் விடும். ஆனால் நீங்கள் செய்யாதீர்கள். காகிதம் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள்தான் தொட வேண்டும்.


உவர்மலைக்காரி எழுதியது:

லாமினேட் கடைக்குப் போகவில்லை. எல்லாருக்கும் நன்றி. 1879 விஷயத்தை மாமாவுக்குச் சொன்னேன், அவர் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை.

இப்ப விபரம். மட்டை ஒன்று: டிடெக்டிவ் ஃபிக்ஷன் வீக்லி. மார்ச் 17 என்று இருக்கிறது, அதற்குப் பிறகு மூலை கிழிந்து போய்விட்டது, வருடம் இல்லை. விலை 10. அண்ணா சொன்ன நீலக் கழுகு இருக்கிறது!! நான் அதை ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்தேன்.

மட்டை இரண்டு: டைம் டிடெக்டிவ், நவம்பர், வருடம் இல்லை. நான் முதலில் சொன்ன அந்தக் கறுத்த நகத்துக் கை இதில்தான். உடம்பு இல்லை, மட்டை மட்டும்.

நாட்காட்டி ஒட்டின மட்டை: பின்னால் போன் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தேன். அண்ணா, உங்கள் ஊகமும் இதுதானோ? ஸ்பைசி என்ற எழுத்து தெரிகிறது, 25 தெரிகிறது, பிறகு ஒரு பெண்ணின் தோள் தெரிகிறது, தோளில் துணி தெரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "அம்மம்மா ஒட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டா.

அப்புறம் ஒரு உடம்பு, மட்டை இல்லை. முதல் தாளின் மேல்பக்கத்தை வெள்ளிப்பூச்சி தின்றுவிட்டது. சஞ்சிகைப் பேரில் "டைம்" வரை இருக்கிறது, மாதம், வருடம் இருந்த இடம் ஓட்டை. அடியில் விலாசம் தப்பியிருக்கிறது: 205 ஈஸ்ட் 42ஆம் தெரு, நியூயார்க் 17. ஓரத்தில் பென்சிலால் அம்மப்பாவின் கையெழுத்தில் 24.4.44 என்று இருக்கிறது. அவர் எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் கிடைத்த நாளை எழுதி வைப்பார், அவருடைய திருவாசகத்திலும் இப்படித்தான் இருக்கிறது.


மட்டைப்பைத்தியம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அம்மப்பாவுக்குக் கோயில் கட்டலாம். தேதி எழுதி வைத்த மனுசன்!

முதல் மட்டை லேசு. டிடெக்டிவ் ஃபிக்ஷன் வீக்லி வாராவாரம் சனிக்கிழமைத் தேதியில் வந்தது. மார்ச் 17 சனிக்கிழமையாக வந்த வருடங்களைப் பாருங்கள், 1928, 1934, 1945. அந்தப் பேரில் கிழமைச் சஞ்சிகையாக அது 1945 வரை ஓடவில்லை. 1928இல் நீலக் கழுகு பிறக்கவே இல்லை. ஆகவே 1934. மூலை கிழிந்தாலும் பரவாயில்லை.

ஸ்பைசிக்கு 1934க்கும் 1942க்கும் இடையில் என்பதற்கு மேல் இப்போதைக்குப் போக முடியாது. அந்தச் சஞ்சிகைகளுக்கு எக்கச்சக்கமாக மட்டை வரைந்தவர் எச். ஜே. வார்ட், 1945இலேயே இளவயதில் செத்துப்போனார். அவரா இல்லையா என்பது தாள் கழன்ற பிறகுதான். என்னைக் கேட்டால் கழற்றவே வேண்டாம். ஸ்பைசி உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. திருகோணமலையில் ஒரு மனுசி 1953இல் நாட்காட்டி ஒட்டி மூடின ஸ்பைசி இது ஒன்றுதான்.

ஓவியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பம் தெரிந்தால் உடனே அவர்தான், இந்த வருடம்தான் என்று எழுதிவிடக் கூடாது. இவர்கள் கான்வாஸில் எண்ணெய் வர்ணத்தில், மட்டையை விட மூன்று மடங்கு பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். பதிப்பாளர் அதை அடுத்த வருடம் வேறு சஞ்சிகைக்கும் போடுவான். த ஷேடோவின் முதல் இதழ் மட்டையே அப்படித்தான். 1919இல் த திரில் புக் என்ற சஞ்சிகைக்கு மொடெஸ்ட் ஸ்டைன் வரைந்ததைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தூசு தட்டி 1931இல் போட்டார்கள். பன்னிரண்டு வருட வித்தியாசம்! வேலை முடிந்த அசல் ஓவியங்களில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போயின, வரைந்தவர்களே திருப்பி வாங்க வரவில்லை. அதனால் பல படங்களுக்கு இன்றைக்கு மிஞ்சியிருப்பது இந்த அச்சு மட்டைதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் கேலக்டிக் சென்ட்ரல் தளத்தில் இதழ் இதழாக மட்டைகள் அடுக்கி இருக்கின்றன, ஃபிக்ஷன்மேக்ஸ் அட்டவணையில் எந்த இதழில் எந்தக் கதை என்று தேடலாம். ஓவியர்களைப் பற்றி என்றால் நோர்மன் சோண்டர்ஸ் என்ற பல்ப் ஓவியரின் மகன் டேவிட் சோண்டர்ஸ் ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் தேடி எழுதி வைத்திருக்கிறார், அங்கே தொடங்குங்கள்.

அந்த மட்டையில்லாத உடம்பு. நியூயார்க் 17 இருப்பதால் 1943 மேக்குப் பிறகு. பென்சில் தேதியால் 1944 ஏப்ரல் 24க்கு முன். ஒரு வருடத்துக்குள் வந்துவிட்டோம். மட்டையில் இருக்கிற மாதமும் உண்மையில் கடைக்கு வந்த மாதம் இல்லை, ஒரு மாதமாவது முந்தியே விற்பனைக்கு வந்துவிடும், கடைக்காரன் அந்தத் தேதி வந்ததும் தூக்கிவிட வேண்டும் என்பதற்காகப் போடுகிற மாதம் அது. 

எனக்கு விளங்காதது, போர்க்காலத்தில், அமெரிக்காவில் அடித்த புத்தகம் ஒரு வருடத்துக்குள் திருமலைக்கு எப்படி வந்தது? பிரித்தானியக் கப்பல்காரனிடம் புது அமெரிக்கப் பதிப்பு இருந்திருக்க நியாயமில்லையே.


சீனக்குடா48 எழுதியது:

மகன், அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மட்டை விஷயம் எனக்குத் தெரியாது, துறைமுகம் தெரியும்.

1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பான்காரன் குண்டு போட்டான், அன்றைக்குத்தான் ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மட்டக்களப்புப் பக்கத்துக் கடலில் தாட்டான். என் தகப்பனார் அந்தக் கதையைச் சொல்லும்போது எண்ணெய்க் குதம் எரிந்த புகையில்தான் தொடங்குவார். அதற்குப் பிறகு பிரித்தானியக் கப்பற்படையில் பெரும்பகுதி ஆபிரிக்கப் பக்கம் ஒதுங்கிவிட்டது. 1944 தொடக்கத்தில்தான் திரும்ப வந்து இங்கே நிலை கொண்டது.

அப்போது ஒரு அமெரிக்க விமானந்தாங்கியும் வந்தது. சரடோகா. 1944 மார்ச் முடிவில் அதுவும் துணைக்கு வந்த நாசகாரிக் கப்பல்களும் நம்முடைய துறைமுகத்துக்குள் வந்தன. ஏப்ரல் 16 புறப்பட்டுப் போய் 19ஆம் தேதி சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சபாங் மேல் பிரித்தானிய இலஸ்திரியஸ் கப்பலோடு சேர்ந்து குண்டு போட்டுவிட்டு 21ஆம் தேதி திருமலைக்குத் திரும்பின. மே மாதம் 6ஆம் தேதி சுரபாயா பக்கம் போனவை, அதற்குப் பிறகு சரடோகா இங்கே திரும்பவில்லை.

பிள்ளையின் அம்மப்பா எழுதின நாள் 24. கப்பல் வந்து மூன்றாம் நாள். கரையில் இறங்கின அமெரிக்கப் பொடியன் யாரோ வாசித்து முடித்ததை ஸ்டோரில் போட்டுவிட்டுப் போயிருப்பான். சாட்சி இல்லை, என் ஊகம்தான். ஆனால் அந்தத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்கர் நின்ற கிழமைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அதில் ஒன்றுக்குள் இந்தத் தேதி விழுகிறது.

1934ஆம் ஆண்டு மட்டைக்கு இது பொருந்தாது, அது வேறு வழியால் வந்திருக்கும்.


மட்டைப்பைத்தியம் எழுதியது:

ஐயா, மயிர்க்கூச்செறிந்துவிட்டது. நான் இருபது வருடமாகச் சஞ்சிகையின் பொடி எழுத்தைத்தான் பார்க்கிறேன், துறைமுகத்துக்குள் வந்த கப்பலைப் பார்க்க வேணும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

1934க்கு: போருக்கு முந்தி அமெரிக்காவில் விற்காமல் மிஞ்சினதைக் கப்பலில் பாரத்துக்காக ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி அங்கே மலிவாக விற்றார்கள். அப்படி வாங்கின யாரோ ஒரு பிரித்தானிய மாலுமி கொண்டுவந்திருக்கலாம்.

தங்கச்சி, ஒன்று செய்து பாருங்கோ. டைம் டிடெக்டிவ் மட்டை ஒன்று உடம்பில்லாமல் இருக்கிறது, டைம் என்று தொடங்குகிற உடம்பு ஒன்று மட்டையில்லாமல் இருக்கிறது. இரண்டும் ஒரே இதழா என்று பார்க்க வேண்டும். கம்பித் துருவின் இடம் எல்லா இதழிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதை மட்டும் நம்பாதேயுங்கோ. பூச்சி தின்ற ஓட்டையைப் பாருங்கள். பூச்சி மட்டை என்றும் உள்தாள் என்றும் பார்க்காது.


உவர்மலைக்காரி எழுதியது:

இப்பதான் செய்து பார்த்தேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் குறை நினைக்காதேயுங்கோ.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து உடம்பை வைத்து, மட்டையை மேலே மெல்ல இறக்கினேன். முதலில் பொருந்தவில்லை. மட்டையில் மேல் மூலையில் ஒரு ஓட்டை, கடலை அளவு, அதற்கு ஒரு சின்ன வால். உடம்பில் இருந்த ஓட்டை பெரியது. பிழை என்று விட்டுவிடப் பார்த்தேன். பிறகு மட்டை முதுகுப் பக்கம் அரை அங்குலம் உள்ளே மடிந்திருப்பதைக் கண்டேன். மடிப்பை விரிக்கவில்லை, மட்டையை மட்டும் அந்த அளவுக்கு நகர்த்தினேன். மட்டையின் ஓட்டை அப்படியே உள்தாளின் ஓட்டைக்கு மேலே போய் நின்றது, வாலும் அதே பக்கம். உள்ளே போகப் போகப் பெருத்துக்கொண்டு போகிறது, ஆறாவது தாளில் முடிகிறது. அது மட்டும் இல்லை, கீழே இன்னொரு பொட்டு ஓட்டை, அதுவும் நேருக்கு நேர்.

அப்படி என்றால் மட்டை நவம்பர். உடம்பு 1943 மேக்கும் 1944 ஏப்ரலுக்கும் இடையில். அதற்குள் ஒரு நவம்பர்தானே வருகிறது?


மட்டைப்பைத்தியம் எழுதியது:

ஒன்றே ஒன்றுதான். 1943 நவம்பர். கேலக்டிக் சென்ட்ரலில் அந்த இதழின் மட்டையோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பென்சிலால், மட்டையில் இல்லை, பின்னால் வைக்கிற அட்டையில் எழுதுங்கள்.


உவர்மலைக்காரி எழுதியது:

சரி அண்ணா. அட்டை வாங்கக் கொழும்புக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.

மாமா இப்போ வந்து நின்று, மற்ற ஆறு மட்டையையும் உடம்புகளோடு பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்கிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கதிரையையும் இழுத்துப் போட்டுவிட்டார்.